ஆயுளும் ஆகாரமும்

சாகாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை நமது பிரதேசத்திற்குப் புதிதன்று. காயகற்பம் தேடி மலைமலையாய்த் திரிந்த சித்தர்களின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை. நாம் வசிக்கும் காடாம்புலியூரிலிருந்து தெற்கே நெய்வேலியைக் கடந்து போனால் வடலூர். மரணமற்ற வாழ்வைப் பற்றி உபதேசித்த இராமலிங்க அடிகள் அங்கே 1867-ஆம் வருஷத்தில் தருமசாலையை நிறுவி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. சாவை வெல்வதைப் பற்றிப் பேசிய அப்பெரியவர், அதற்கு முன்னதாகப் பசித்தவனுக்குச் சோறு கிடைக்க ஏற்பாடு செய்தார் என்பதை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது நமக்கு உதவும்.

வடலூரையும் தாண்டித் தென்கிழக்கே சென்றால் சிதம்பரம். அவ்வூரில் 1952-இல் பிறந்த ஒருவர், நாம் ஏன் சாகிறோம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2024-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது அவர் முழுப் பெயர். உலகம் அவரை வெங்கி என்று அழைக்கிறது. ரசாயன சாஸ்திரத்திற்குரிய நோபெல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் என்னும் இருவருடன் 2009-இல் பகிர்ந்துகொண்டவர். ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த லண்டன் ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியை 2015 முதல் 2020 வரை வகித்தவர்.

நோபெல் பரிசுச் செய்தி வந்தவுடன் நம் நாட்டில் எழுந்த ஆரவாரம் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். வாழ்த்துக் கடிதங்கள் மலைபோல் குவிந்து அவருடைய வேலைக்கே இடையூறாயின. அண்ணாமலை ஸர்வகலாசாலையில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகக்கூடச் சிலர் புறப்பட்டார்கள்! மூன்று வயதிலேயே சிதம்பரத்தை விட்டுப் போன பிள்ளைக்கு ஸர்வகலாசாலையில் யார் என்ன போதித்திருக்க முடியும்? அவர் சற்றே சலித்துக்கொண்டு, ஒருவன் எந்த நாட்டில் பிறக்கிறான் என்பது தற்செயல் என்ற பொருள்படப் பேசினார். பலருக்கு மனம் புண்பட்டது. நமக்கு அதில் வருத்தமில்லை. பெற்ற பரிசு அவருடையது, அவருடைய கூட்டத்தாருடையது. ஆனால் அவருடைய தாயார் இராஜலக்ஷ்மி அம்மாள் அண்ணாமலை ஸர்வகலாசாலையில் போதனை செய்துகொண்டிருந்த காலத்தில்தான் அவர் பிறந்தார். ஒரு ஸ்திரீக்கு அக்காலத்திலேயே அறிவுத் தொழில் தந்த ஊர் என்ற அளவில் சிதம்பரம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். அந்த அம்மையாரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வோம். மகனைக் காட்டிலும் தாயாரே நம் விஷயத்திற்கு ஒரு வகையில் நெருக்கமானவர்.

குடும்பம் பரோடாவுக்குச் சென்றது. அங்குள்ள மகாராஜா ஸயாஜிராவ் ஸர்வகலாசாலையில் தகப்பனார் இராமகிருஷ்ணன் ஜீவரசாயனத் துறையின் தலைவரானார். பையன் ஐ.ஐ.டி.க்கும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கும் முயன்று பார்த்தான். இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. வருஷந்தோறும் மே மாதத்தில் முகம் வாடி வந்து நிற்கும் பெற்றோர்களுக்கு நாம் இந்தச் செய்தியைச் சொல்வது வழக்கம். அவர்கள் அதை நம்புவதில்லை என்பது வேறு விஷயம். பரோடாவிலேயே பௌதிக சாஸ்திரம் படித்து 1971-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஒஹாயோ ஸர்வகலாசாலையில் 1976-இல் அதே சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் நமக்கு மிகவும் வியப்பாயிருக்கிறது. தாம் கற்ற பௌதிகப் பகுதியில் புதிதாகச் செய்வதற்கு அதிகமில்லை என்றும், உயிர் நூலில்தான் கதவுகள் திறந்துகொண்டிருக்கின்றன என்றும் அவருக்குத் தோன்றியது. உடனே கலிபோர்னியாவுக்குப் போய், டாக்டர் பட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, உயிர் நூலில் மாணவராக மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தார். கையில் குடும்பம் உள்ளவர். இந்தத் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

பின்னர் யேல் ஸர்வகலாசாலையில் பீட்டர் மூர் என்பவரிடம் சேர்ந்தார். ஆயுள் முழுவதும் அவரைப் பிடித்துக்கொண்ட பொருள் அங்கேதான் அகப்பட்டது. அதன் பெயர் ரைபோசோம். யேலிலிருந்து உத்தியோகம் கேட்டுச் சுமார் 50 கலாசாலைகளுக்கு விண்ணப்பம் போட்டும் ஒன்றும் பலிக்கவில்லை. அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களில் பல வருஷங்கள் கழித்து, யூட்டா மாகாணத்திற்குச் சென்று, 1999-இல் சம்பளக் குறைவையும் பொருட்படுத்தாமல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிர் நூல் ஆராய்ச்சி நிலையத்திற்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே காரியம் முடிந்தது.

ரைபோசோம் என்பது யாது? நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு பெட்டிக்குள் பத்திரமாயிருக்கிறது. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புகிறார்கள். அந்த நகலைப் படித்து அதன்படி பொருள் செய்யும் தறிதான் ரைபோசோம். நகலில் மூன்று எழுத்து படித்தால் ஒரு மணி. அடுத்த மூன்றுக்கு அடுத்த மணி. இப்படி மணி மணியாகக் கோத்து அது செய்யும் மாலைதான் புரதம். தசை, நகம், இரத்தத்தின் சிவப்பு, சோற்றைச் செரிக்கச் செய்யும் பொருள்கள் ஆகிய யாவும் புரதத்தால் ஆயவை. ஓர் உயிரணுவுக்குள் லட்சக்கணக்கான தறிகள் இரவு பகல் ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டரைச் சுமார் 40,000 கூறு செய்தால் ஒரு கூறின் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் தறியின் பருமன். எனினும் அதனுள் லட்சக்கணக்கான அணுக்கள் உண்டு.

தறியில் சிறிய பாதி, பெரிய பாதி என இரு பாகங்கள் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் ஒரு நுண்ணுயிரின் தறியைப் பளிங்காக உறையச் செய்து, அதன்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, சிறிய பாதியின் அமைப்பை அணு அணுவாக 2000-ஆம் வருஷத்தில் வெங்கியின் கூட்டத்தார் வரைந்து காட்டினர். ஸ்ட்ரெப்டோமைஸின் போன்ற மருந்துகள் கிருமியின் தறியில் எந்த இடத்தில் ஆப்பு வைக்கின்றன என்பதும் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய சகோதரி லலிதா இராமகிருஷ்ணன் அதே கேம்பிரிட்ஜில் க்ஷயரோக ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர் என்பதை இங்கே சொல்லி வைப்போம்.

சரி, புரதத்தறிக்கும் மூப்புக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம் உண்டு.

நெய்வேலியை அடுத்து வாழும் நமக்கு இதை விளக்க அயலூர் உவமை வேண்டியதில்லை. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது, 2020-இல் நிறுத்தப்பட்டது. 58 வருஷம் பழுப்பு நிலக்கரியைத் தின்று மின்சாரம் கக்கிய யந்திரம் அது. இவ்வளவு நாள் அது எப்படி ஓடிற்று? அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால், காலத்தில் நிறுத்தி ஓவர்ஹாலிங் செய்ததால் என்று சொல்வார்கள். சாம்பலை வாரி, குழாய்களைச் சோதித்து, இற்றுப்போனதை மாற்ற வேண்டும். பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது இதில் ஒன்றையும் செய்ய முடியாது. நிலக்கரி போடுவதை நிறுத்தினால்தான் ஆள் உள்ளே இறங்கலாம்.

உடம்பும் அவ்வாறே நடக்கிறது. ஆகாரம் தாராளமாய் வரும்போது உயிரணு கட்டும் வேலையில் மும்முரமாகிறது: புதிய தறிகள் எழுப்பப்படுகின்றன, புரதம் நெய்து தள்ளப்படுகிறது. ஆகாரம் குறைந்தால் கட்டுமானம் நின்று, செப்பனிடுகிற கூட்டம் உள்ளே இறங்குகிறது. கோணலாய் மடிந்த புரதங்களையும் பழுதுபட்ட உறுப்புக்களையும் உயிரணு தானே விழுங்கிக் கரைத்து, அவற்றின் சரக்கை மறுபடியும் உபயோகிக்கிறது. இந்தச் சுயபோஜன வித்தையின் நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக ஜப்பானியரான யோஷிநோரி ஓசுமிக்கு 2016-இல் நோபெல் பரிசு கிடைத்தது. வயது ஏற ஏறக் குப்பை சேர்வது அதிகமாகிறது, வாருவது தளர்கிறது. முதுமையின் காரணங்கள் பல, டி.என்.ஏ.யில் உண்டாகும் கீறல்கள், உயிரணு பிரியப் பிரியக் குறுகும் அதன் நுனிகள் என்று வெங்கி ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறார். ஆயினும் புரதக் குப்பை பற்றிய அத்தியாயங்களில்தான் ஆயுள் முழுவதும் தறியருகே இருந்தவரின் கை தெரிகிறது.

ஆகாரம் குறைந்தால் ஆயுள் கூடும் என்பது நேற்று வந்த செய்தியன்று. அமெரிக்காவில் கார்னெல் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கிளைவ் மெக்கே, ஆகாரத்தைக் குறைத்து வளர்த்த எலிகள் மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்ததை 1935-இலேயே காட்டினார். அதன் உள்ளே இருக்கும் யந்திரம் புலப்பட்ட கதையில் நம் நாட்டார் ஒருவருக்குப் பங்கு உண்டு.

பசிபிக் கடலின் நடுவே ராபா நூயி என்று ஒரு தீவு இருக்கிறது. பெரிய கற்சிலைகளால் பேர் பெற்றது. 1964-இல் கானடாவிலிருந்து சென்ற ஒரு குழுவினர் அதன் மண்ணை எடுத்து வந்தனர். மான்ட்ரியலில் ஒரு மருந்துக் கம்பெனியில் அம்மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஸுரேந்திர நாத் ஸேகல். காசி ஹிந்து ஸர்வகலாசாலையில் மருந்து நூல் பயின்றவர். தீவின் பெயரால் அதற்கு ராபமைஸின் என்று பெயராயிற்று. காளானைக் கொல்லும் என்று தேடிய மருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியது. கம்பெனிக்கு அதில் சிரத்தை குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியல் ஆராய்ச்சிசாலை மூடப்பட்டு, ஸேகல் அமெரிக்காவுக்குப் போக நேர்ந்தபோது, கடைசியாக எடுத்த சரக்கைப் புட்டியில் அடைத்துத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்! தின்னாதே என்று அதன்மேல் எழுதியிருந்ததாம். வீடு மாற்றும்போது அதுவும் பனிக்கட்டியோடு பயணமாயிற்று. சில வருஷங்களுக்குப் பின் புதிய அதிகாரிகளிடம் வாதாடி ஆராய்ச்சியைத் திரும்பத் தொடங்கினார். 1999-இல் சிறுநீரகம் மாற்றிப் பொருத்திக்கொண்டவர்களுக்குரிய மருந்தாக அமெரிக்க அரசாங்கம் அதை அங்கீகரித்தது. புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்த ஸேகல் 2003-இல் காலமானார். தம் புட்டியில் இருந்த பொருளின் முழு மகிமையை அவர் பார்க்கவில்லை.

ராபமைஸின் உயிரணுவில் எதைப் பிடிக்கிறது என்று ஸ்விட்ஸர்லாந்தில் பேஸல் நகரில் மைக்கேல் ஹால் முதலியோர் தேடி, 1991-இல் ஈஸ்டில் ஒரு புரதத்தைக் கண்டனர். அதற்கு 'டார்' என்று பெயர். கட்டுமான வேலையின் மேஸ்திரி அவரே. ஆகாரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தறிகளை எழுப்பு, புரதம் நெய் என்று உத்தரவிடுகிறவர். செப்பனிடும் கூட்டத்தை வாசலில் நிறுத்தி வைப்பவரும் அவரே. ராபமைஸின் அந்த மேஸ்திரியின் வாயைப் பொத்துகிறது. வயிறு நிறைந்திருக்கும்போதே உயிரணு பசித்ததாக எண்ணிச் செப்பனிடத் தொடங்கிவிடுகிறது. 2009-இல் வெளிவந்த பரிசோதனையில், 600 நாள் நிரம்பிய எலிகளுக்கு, அதாவது நம் கணக்கில் அறுபது வயதை எட்டிய எலிகளுக்கு, இம்மருந்தைக் கொடுத்தார்கள். ஆண் எலிகளின் ஆயுள் 100-க்கு 9 பங்கும், பெண் எலிகளின் ஆயுள் 100-க்கு 14 பங்கும் நீண்டது.

நம் நாட்டில் இத்துறைக்கே வாழ்நாளை அர்ப்பணித்தவர் ஒருவரை இங்கே மறத்தல் தகாது. ஒரிஸாவில் பிறந்து காசி ஹிந்து ஸர்வகலாசாலையில் பணியாற்றிய மதுசூதன் கானுங்கோ (1927-2011), எலிகளின் மூளை, இருதயம், தசை முதலியவற்றில் ஆகாரத்தைச் சக்தியாக்கும் பொருள்கள் வயதுக்கு வயது எவ்வாறு மாறுகின்றன என்று 1960-களிலேயே அளந்து வந்தார். எந்த ஏட்டை எப்போது படிப்பது என்ற ஒழுங்கு மாறுவதே மூப்பு என்பது அவர் கொள்கை. மூப்பின் ஜீவரசாயனம் பற்றி 1980-இல் ஒரு நூலும் எழுதினார். குளிர்ப்பெட்டிப் புட்டி போன்ற விந்தைகள் அவர் கதையில் இல்லை. ஆகையால் பத்திரிகைகள் அவரை அதிகம் கவனிக்கவில்லை.

இவ்வளவும் படித்தவுடன் நம்மவர்களில் சிலர், இதற்குத்தானே நம் பாட்டிமார் ஏகாதசி விரதம் வைத்தார்கள் என்று எழுந்து நிற்பார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். மெக்கேயின் எலி தினந்தோறும், நெடுங்காலம், அளந்து தின்றது. நாம் ஏகாதசியன்று அன்னத்தை விலக்கிவிட்டு அடையையும் உப்புமாவையும் அழைத்துக்கொள்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றென்று சாதிக்க எந்தச் சாஸ்திரமும் இடம் தராது.

எலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா? குரங்குகளிடம் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் நெடுங்காலம் சோதித்தார்கள். விஸ்கான்ஸினில், குறைவாய் உண்ட குரங்குகள் மூப்பு நோய்களுக்குக் குறைவாகவே பலியாயின என்று 2009-இல் அறிவித்தார்கள். அரசாங்க நிலையத்தில் ஆயுள் நீளவில்லை என்று 2012-இல் அறிவித்தார்கள். இரண்டாவது இடத்துக் குரங்குகளுக்கு முதலிலிருந்தே ஆகாரம் நல்ல வகையாய் இருந்தது, சர்க்கரை குறைவு. பருமனற்ற மனிதர்களை 100-க்கு 25 பங்கு ஆகாரத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருஷம் நடத்திய பரிசோதனையில் அவர்களால் சராசரி 12 பங்குதான் குறைக்க முடிந்தது. இரத்தக்கொதிப்பு, கொழுப்பு முதலியன சீர்பட்டன. ஆயுள் நீளுமா என்பதற்கு இரண்டு வருஷம் போதாது. ராபமைஸினோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. புண் ஆறுவதைத் தாமதிக்கும். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். திடகாத்திரமான மனிதர்கள் ஆயுளுக்காக அதை விழுங்குவதற்கு வெங்கி ஒப்பவில்லை.

வெங்கியின் நூலில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் இந்த நிதானந்தான். மூப்பை ஒழிப்பதாகச் சொல்லி மேல்நாட்டில் 700-க்கு மேற்பட்ட புதுக் கம்பெனிகள் கிளம்பியிருக்கின்றன. பெருந்தனவந்தர்கள் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். விஞ்ஞானிகளில் பலரும் அக்கம்பெனிகளில் பங்குதாரர்கள். ஆகவே அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பது பாமரனுக்கு விளங்குவதில்லை. வெங்கிக்கு அத்தகைய கம்பெனி எதுவும் இல்லை. உயிரணுவின் உள்ளே நெடுங்காலம் இருந்தவர், ஆனால் மூப்பு வியாபாரத்திற்கு வெளியே நிற்பவர். சாட்சி சொல்ல இவரைப் போன்றவரே தகுந்தவர். எல்லாவற்றையும் அலசிவிட்டு அவர் சிபாரிசு செய்வது, அளவாக உண்ணல், உடம்பை அசைத்தல், நன்றாகத் தூங்குதல். இதற்கா இத்தனை பக்கம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவை ஏன் பலிக்கின்றன என்பதற்கு உயிரணுவிலிருந்து காரணம் காட்டுவதற்குத்தான் அத்தனை பக்கமும் வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் மேற்சொன்ன விஷயங்களை நாம் சுருக்கமாகச் சொன்னோம். மெக்கேயின் எலியையும் சொன்னோம். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி பின்தங்கி நின்றாள். அவள் வீட்டில் எல்லோரும் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள்.

"சார், எங்க ஆயா முக்கால்வாசி நாள் ஒரு வேளைதான் சாப்பிடுது. அப்போ அதுக்கு ஆயுசு ரொம்ப கெட்டியா?" என்றாள்.

அவள் பரிகாசமாகக் கேட்கவில்லை. நல்ல செய்தி கிடைக்குமென்று நினைத்துக் கேட்டாள். விஞ்ஞானத்தின் அரைச் செய்தி ஏழை வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கணத்தில் நமக்குத் தெரிந்தது. ஆதலால் அவளிடம் கூறிய பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பரிசோதனைச் சாலையில் எலிக்குக் குறைத்தது எரிபொருளை மட்டுமே. புரதம், உப்புச் சத்து, வைட்டமின் எதிலும் குறை வைக்கவில்லை. கிருமியண்டாத கூண்டு, நேரத்திற்கு வெளிச்சம், நேரத்திற்கு இருட்டு, வேலை கிடையாது. அவ்வெலியைக் காட்டில் விட்டால் குளிரிலும் காயத்திலும் முதலில் சாவது அதுவாகவே இருக்கலாம். முந்திரிக்கொட்டைக்கு முன் நாளெல்லாம் குந்தியிருந்து, இரவில் ரசம் விட்ட சோறு ஒரு பிடி உண்ணும் கிழவிக்கு நேர்ந்திருப்பது வேறு. அவள் பாய்லரில் நிலக்கரியும் குறைவு. மாற்றுவதற்குக் குழாயும் இல்லை. செப்பனிடும் கூட்டம் உள்ளே இறங்கினாலும், பழையதைக் கரைத்து எடுத்தபின் புதிதாக வைப்பதற்குச் சரக்கு வேண்டுமே! அது இல்லாவிடில் தசை கரைகிறது, கால் தடுமாறுகிறது, ஒருமுறை விழுந்தால் எழுவதில்லை. வயதானவர்களுக்கு எடைக்கு எடை புரதம் இளையோரைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும் என்று இன்றைய வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

இங்கேதான் வெங்கியின் தாயார் வருகிறார். இராஜலக்ஷ்மி அம்மாள் கானடாவில் மக்கில் ஸர்வகலாசாலையில் உளநூலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பரோடாவுக்கு வந்தபின் அவர் கவனம் போஷணையின்பால் திரும்பியது. மேல்நாட்டார் வகுத்த உணவுத் திட்டங்களில் பாலும் இறைச்சியும் தாராளமாயிருக்கும். நம் குடிசைக்கு அவை எட்டாது. நம் ஏழைக் குழந்தைகளுக்கு, உள்ளூரில் அகப்படும் தானியம், பருப்பு, கீரை இவற்றைக் கொண்டே குறைந்த செலவில் போதிய போஷணை அளிப்பது எவ்வாறு என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இட்டிலி, டோக்ளா போன்ற புளிக்க வைத்த பண்டங்களின் சத்து என்ன ஆகிறது என்று சோதித்து 1967-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். நம் சமையலறையில் இரவெல்லாம் பொங்கி வழியும் மாவுப் பானை பரிசோதனைச் சாலைக்குப் போய் வந்தது என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்மணிகள் சந்தோஷப்படுவார்கள். உணவு குறைந்த குழந்தையின் மூளை வளர்ச்சியையும் அவர் ஆராய்ந்தார். பயன்முறைப் போஷணை பற்றி அவர் எழுதிய நூல் பல கல்லூரிகளில் பாடமாயிருந்தது.

தாயார் கேட்டது, போதாத ஆகாரத்தில் உடம்பு எப்படி வளரும் என்பது. மகன் கேட்டது, போதும்போதும் என்னும்படி உண்ட உடம்பு ஏன் நைகிறது என்பது. ஒரே வீட்டில் ஒரு தலைமுறைக்குள் கேள்வி தலைகீழாகிவிட்டது. நாட்டில் முதல் கேள்வி தீர்ந்துவிட்டதா? சுதந்திரம் வந்த காலத்தில் ஓர் இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று 70-ஐ எட்டியுள்ளது. அந்த 38 வருஷத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது எந்தக் காயகற்பமும் அல்ல. அம்மை குத்தல், கொதித்த நீர், மருத்துவச்சி, ரேஷன் அரிசி, பள்ளிச் சத்துணவு ஆகியவையே. ஆனால் அந்த மாணவியின் வீட்டில் இரண்டு கேள்விகளும் ஒரே சமயத்தில் குடியிருக்கின்றன. 2021-ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 13 பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்திற்கு அடுத்தபடி நாம்தான். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கிழவியைப் போல் ஒரு வேளை உண்கிறார்கள்?

இன்னொன்றையும் வெங்கி எழுப்புகிறார். ஆயுளை நீட்டும் மருந்து உண்மையாகவே வந்துவிட்டால் அது முதலில் யாருக்குக் கிடைக்கும்? இங்கிலாந்திலேயே பணக்காரன் ஏழையைவிட நெடுநாள் வாழ்கிறான். மருந்தும் அவனுக்கே போனால் இடைவெளி இன்னும் அகலும். கிழவர்கள் நாற்காலியை விட்டு எழாவிட்டால் இளைஞர்கள் எங்கே உட்காருவார்கள் என்றும் கேட்கிறார். தம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறார். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி ஒரு பிற்பகல் முழுவதும் சர்ச்சை நடந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷமே இருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

மாணவிக்கு நாம் சொன்னது இது: ஆயாவுக்கு ரேஷனில் வரும் துவரம்பருப்பைக் குழைய வேக வைத்து இரவுச் சோற்றில் கலந்து கொடு, நம் செம்மண்ணில் விளையும் மணிலாக்கொட்டையை வறுத்து இடித்துக் கொடு, கிடைக்கும் நாளில் ஒரு முட்டை. மறு வாரம் அவள் வந்து, ஆயா பருப்பை உண்கிறாள், முட்டையைப் பேரனுக்குத் தள்ளி விடுகிறாள் என்று தெரிவித்தாள்.

கடைசியாக ஒரு கடிதம். நெய்வேலியில் ஓய்வு பெற்று வாழும் நேயர் ஒருவர், ஆயுளை நீட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் ஒரு பொடியின் பெயரையும், மாதச் செலவையும் எழுதி, வாங்கலாமா என்று நம்மைக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். கடைவாய்ப் பற்கள் போய் ஒரு வருஷமாயிற்று, கஞ்சிதான் இறங்குகிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாரே, பொடிக்கு ஒதுக்கிய பணத்தில் அவர் முதலில் பல் கட்டிக்கொள்ளலாம்.